விழாத அம்பு

வில்லை விட்டுப் போன அம்பு எங்கேயாவது விழுந்தாக வேண்டும். ஈர மண்ணில் குத்தினால் ஒரு சத்தம், மரத்தில் ஏறினால் ஒரு சத்தம், மானின் விலாவுக்குள் இறங்கினால் நனைந்த கோணியைத் தரையில் போட்ட மாதிரி இன்னொரு சத்தம். வாலிப வயசிலிருந்து இந்தக் காட்டில் வேட்டையாடுகிற டுவேன், கண்ணை மூடிக்கொண்டே எது எதுவென்று சொல்லிவிடுவான். அன்று சாயங்காலம் அவன் விட்ட அம்பு எந்தச் சத்தமும் போடவில்லை.

ஒரு பெரிய மேப்பிள் மரத்தில் இரும்பு ஏணி சாத்திக் கட்டிய பரண் அது. மார்பையும் தொடைகளையும் சுற்றி வார் மாட்டி, வாரின் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மரத்தோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெயில் சாய்ந்ததிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தான். சுப்பீரியர் ஏரியின் பக்கமிருந்து வந்த காற்றில் அழுகிய இலை வாசனையும், சதுப்பில் தேங்கிய தண்ணீரின் துரு வாசனையும் கலந்து வந்தன. கொம்பு மான் ஒன்று சத்தமே இல்லாமல் வந்து, கல்லை விட்டெறிந்தாலே படுகிற தூரத்தில், விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. இதைவிட நல்ல குறி எவனுக்கும் கிடைக்காது. நாணை இழுத்தான், மூச்சைப் பிடித்தான், விசையைத் தொட்டான்.

அவனுடைய அம்பின் வாலில் குண்டுமணி அளவுக்கு ஒரு பச்சை விளக்கு உண்டு. நாண் தள்ளுகிற வேகத்தில் அது பற்றிக்கொள்ளும். போய்த் தேடி எடுத்து அணைக்கிற வரைக்கும் எரிந்துகொண்டே கிடக்கும். அந்தப் பச்சைப் புள்ளி மானின் தோளை நோக்கி நேராகப் போனதை அவன் தன் கண்ணால் பார்த்தான். தோள் வரைக்கும் போனது. அப்புறம் இல்லை. மானுக்குப் பின்னால் தரையிலும் இல்லை, மரத்திலும் இல்லை.

மான் ஓடவுமில்லை. நாண் சத்தத்துக்கே நாலு காலும் தரையில் பாவாமல் பாய்கிற ஜாதி அது. இதுவோ நின்ற இடத்தில் நின்று, மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, இடப்பக்கம் இருந்த சதுப்பைப் பார்த்தது. தூரத்தில் யாரோ கூப்பிட்டதைக் கேட்பது மாதிரி ஒரு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடியும் இவன் பக்கம் திரும்பியது.

"போச்சுடா," என்று டுவேன் வாய்க்குள் முனகினான். "இந்த வருஷமும் போச்சு."

அவனுக்கு உடனே ஞாபகம் வந்தது மானில்லை, வேட்டைக்கு வந்தால் அண்ணனும் தம்பியும் தங்குகிற மரவீட்டின், அந்தக் கேம்ப்பின் சுவர். அந்தக் காட்டுக்காரர்களின் வழக்கம் அது: மானைக் குறிதப்ப விட்டவனை நிற்கவைத்து, கூட வந்தவன் அவன் சட்டையின் கீழ்த்துணியைக் கத்தியால் அறுத்து எடுப்பான். அதில் பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணி அடிப்பான். அடுப்புக்கு மேலே இருக்கும் அந்தச் சுவரில் கட்டம் போட்டது, கோடு போட்டது, சாயம் போனது என்று எத்தனையோ துண்டுகள். முக்கால்வாசி டுவேனுடையவை. அவன் தம்பி லைலின் துண்டு ஒன்றுகூடக் கிடையாது.

"அண்ணனுக்குச் சட்டை வாங்கறதும் ஒண்ணுதான், சுவருக்குத் திரை வாங்கறதும் ஒண்ணுதான்," என்று காலையில்கூட லைல் சொன்னான், அவன் கண்ணெதிரிலேயே கத்தியைத் தீட்டிக்கொண்டு. "எந்தக் கலர் போட்டிருக்கே இன்னிக்கு? சிவப்புக் கட்டமா? நல்லது. அந்த மூலை காலியாத்தான் இருக்கு."

"உன் வாயை முதல்ல ஆணி அடிக்கணும்டா," என்று இவன் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். கிண்டல்தான். ஆனாலும் ஐம்பது வயசுக்காரனுக்கு உள்ளே எங்கேயோ ஒரு முள் குத்திக்கொண்டுதான் இருந்தது.

லைல் மேல் அவனுக்கு உயிர். அதைச் சொல்லாமல் விட்டால் கதை விளங்காது. டுவேனின் பெண்டாட்டி பெட்டியைக் கட்டிக்கொண்டு போன வருஷம், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து அவனோடு தங்கியவன் லைல். வாரக்கணக்கில் முட்டை வேகவைத்துக் கொடுத்து, ஷேவ் பண்ணு என்று திட்டி, மனுஷனாக்கிவிட்டுப் போனவன் அவன்தான். அப்பா அம்மா போய்விட்டார்கள், பிள்ளை குட்டி கிடையாது. இந்த உலகத்தில் டுவேனுக்கென்று இருப்பது அந்தத் தம்பி ஒருத்தன். அவன் இப்போது சதுப்புக்கு அந்தப் பக்கம், மேட்டைத் தாண்டி, இன்னொரு பரணில் உட்கார்ந்திருந்தான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மானிடமிருந்து கண்ணை எடுக்காமல் எடுத்துப் பார்த்தான். லைல் அனுப்பியிருந்தான்.

"இந்தக் குளிர்ல குளவி இருக்குமாண்ணே? முதுகுல சுளீர்னு ஏதோ கொட்டிடுச்சு. அங்க ஏதாச்சும் வந்துச்சா?"

டுவேன் கட்டைவிரலால் தட்டினான். "உன்னைக் கொட்டின குளவிதான் பாவம். இங்க ஒண்ணும் வரல."

ஒண்ணும் வரல. கை கூசாமல் அடித்துவிட்டான். குறி தப்பியது என்று சொல்லியிருந்தால் ஒரு சாண் துணியோடு போயிருக்கும். ராத்திரி சானாவில், அந்த நீராவி அறையில், வியர்க்க உட்கார்ந்து, பீரைத் திறந்து, இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். மனுஷன் அதைச் சொல்வானா? மான்தான் இன்னும் நிற்கிறதே. இன்னொரு அம்பு போட்டு அடித்துவிட்டால் முதல் அம்பைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

அவன் அம்பை மாட்டினபோது நாணில் அது பொருந்துகிற 'க்ளிக்' சத்தம் காடு முழுக்கக் கேட்டது மாதிரி இருந்தது. மான் காதைக்கூட ஆட்டவில்லை. அதற்குள் வெளிச்சம் மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாறியிருந்தது. மானின் மேல்தோல் ஒரு மாதிரி ஈரமாக, இப்போதுதான் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது மாதிரி படிந்து கிடப்பதை அவன் அப்போதுதான் கவனித்தான். அது மூச்சு விட்ட ஆவியும் தெரியவில்லை. அவன் வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது, அதனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தூரம், அதனால் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டான்.

இரண்டாவது அம்பும் நேராகத்தான் போனது. பச்சைப் புள்ளி தோள் வரைக்கும் போய், யாரோ வாயால் ஊதின மாதிரி அணைந்தது. சத்தம் இல்லை. மான் கழுத்தைத் திருப்பி, சதுப்பைப் பார்த்து, காதை வைத்துக் கேட்டது.

இந்தத் தடவை டுவேனும் கேட்டான். சதுப்புக்கு அப்பாலிருந்து, ரொம்ப மெல்லிசாக, இருமல் மாதிரி ஒரு சத்தம்.

போன் அதிர்ந்தது.

"இன்னொண்ணுண்ணே. தோள்பட்டைக்குக் கீழ. மூச்சை இழுத்தா வலிக்குது. இந்த மரத்துல கூடு கீடு இருக்கா? எட்டிப் பார்த்தாலும் தெரியல."

அவன் அதை இரண்டு முறை படித்தான். உடனே அறிவு வந்து சமாதானம் சொன்னது. அவன் அம்பு விட்டது ஏரியின் பக்கம். லைல் இருப்பது அதற்குச் சம்பந்தமே இல்லாத இடப்பக்கம், நடுவில் ஒரு மேடு, ஒரு சதுப்பு, நெருக்கமாக நிற்கிற தேவதாரு மரங்கள். துப்பாக்கிக் குண்டே போகாது. அம்பு எப்படிப் போகும்? பைத்தியக்காரத்தனம். தனியாக உட்கார்ந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

"இறங்கி கேம்ப்புக்குப் போ. நான் பின்னாலேயே வரேன்," என்று அனுப்பினான்.

அனுப்பிவிட்டுத் தலையை நிமிர்த்தினான். மான் கிட்டே வந்திருந்தது. நடந்த சத்தம் கேட்கவில்லை, காய்ந்த இலை ஒன்றுகூட நொறுங்கவில்லை. ஆனால் கிட்டே வந்து, மறுபடியும் விலாவைக் காட்டிக்கொண்டு நின்றது. இந்தா, அடி என்கிற மாதிரி நின்றது. இந்தத் தூரத்தில் தப்பவிட்டால் சட்டையைக் கழற்றி மொத்தமாகவே சுவரில் மாட்டிவிடலாம்.

அடிக்க வேண்டாம் என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது, ஆனால் வேண்டாம் என்பது எலும்பு வரைக்கும் தெரிந்தது. தெரிந்தும் கை அம்பை எடுத்தது. இது கடைசி, இதோடு சரி, இருட்டுவதற்குள் ஒன்றே ஒன்று. ஒரு சாண் துணிக்காக நாணை இழுத்தான்.

பச்சைப் புள்ளி. தோள். இல்லை.

மான் சதுப்பின் பக்கம் திரும்பிக் கேட்டது. அப்புறம் தலையைத் தூக்கி, பரணில் இருந்தவனை நேராகப் பார்த்தது. அதன் கண்ணில் அவனுக்குத் தெரிந்தது என்னவென்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கோபமில்லை. வேலை முடிந்த திருப்தி மாதிரி ஏதோ ஒன்று.

போன் அதிர்ந்தது. ஒரே ஒரு சொல்தான் வந்திருந்தது.

"அண்ணே"

அவன் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லைல் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான், மறுபடி. "எடுடா. டேய் லைல், எடுடா கண்ணா." குரல் அழுகிற குரலாக இருந்ததை அவனே கேட்டான். அப்புறம் போனில் இருந்த அந்த ஒற்றைக் கோடு சிக்னலும் போனது.

இறங்க வேண்டும். ஓட வேண்டும். சதுப்பைச் சுற்றிக்கொண்டு போனால் நேரமாகும், குறுக்கே இடுப்பளவு தண்ணீரில் போய்விடலாம். முதுகுக்குப் பின்னால் கையை வளைத்துக் கயிற்றின் முடிச்சைத் தேடினான். விரல் மரத்துப்போயிருந்தது. முடிச்சு இருந்த இடத்தில் கல் மாதிரி எதுவோ ஒன்று கையில் பட்டது. இழுத்தான், நகத்தால் பிறாண்டினான், நகம் பிய்ந்தது. கத்தி பையில் இருந்தது. பை கீழே, ஏணியின் அடியில் தொங்கியது.

ஏணியின் அடியில் மான் நின்றது.

முதல் படியின் மேல் தாடையை வைத்துக்கொண்டு நின்றது. ஈர நாற்றம் மேலே வந்தது, நாள்பட்ட கிணற்றுக்குள் குனிந்தால் வருமே அந்த நாற்றம். டுவேன் கத்தினான். "போ! சீ, போ!" அவன் கத்தியது எதிரொலிக்கவில்லை. வாயைத் தாண்டியதும் காடு அதை அப்படியே விழுங்கிவிட்டது.

அதற்குள் இருட்டிவிட்டது. மானின் உருவம் போய், அது நிற்கிற இடம் மட்டும் மற்ற இருட்டைவிடக் கொஞ்சம் அதிக இருட்டாக இருந்தது. அவன் வாரில் முட்டி மோதிக் களைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சதுப்பின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். லைலின் தலைவிளக்கு வரும். வெள்ளை வெளிச்சம் வரும். வந்துவிட்டால் போதும்.

வெளிச்சம் வந்தது. பச்சையாக வந்தது.

அதைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம்தான் பொங்கியது. அவனுடைய அம்பு! தேவதாரு மரங்களுக்கு நடுவே, குண்டுமணி அளவுப் பச்சைப் புள்ளி, அசைந்து அசைந்து நடந்து வருகிறது. அப்படியானால் பட்டிருக்கிறது, ஏதோ ஒரு மானின் மேல் பட்டுத்தான் இருக்கிறது, அது அம்போடு அலைந்துகொண்டிருக்கிறது. லைலுக்கு ஒன்றுமில்லை. குளவிதான். "அடிச்சிட்டேன்," என்று சொல்லிச் சிரித்தான். "அடிச்சிட்டேன்டா தம்பி."

பக்கத்தில் இன்னொரு புள்ளி தெரிந்தது.

அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று.

மூன்றும் சேர்ந்து வந்தன. ஒன்று மறைந்தால் மூன்றும் மறைந்தன, ஒன்று திரும்பினால் மூன்றும் திரும்பின. மானின் முதுகு அவ்வளவு உயரம் இருக்காது. மனுஷ உயரம். மேட்டில் ஏறும்போது குனிந்து, பள்ளத்தில் இறங்கும்போது ஆடி, காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒருத்தனின் நடை. நடை அவனுக்குத் தெரியும். அந்த நடை நடக்கப் பழகிய நாளிலிருந்து தெரியும்.

"அண்ணே?"

டுவேன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, எங்க இருக்கே? என் விளக்கு எரிய மாட்டேங்குது. பேட்டரி போச்சுன்னு நினைக்கிறேன்." லைலின் குரல்தான். சாதாரணக் குரல், கொஞ்சம் மூச்சு வாங்கியது. "என்ன, மரத்துலயே குடித்தனமா? இறங்கு. அடுப்புல கறி வச்ச பாஸ்டி காஞ்சு போயிடும்."

"லைல்..." என்றான் டுவேன். "அங்கேயே நில்லு. அசையாதே. உட்காராதே, சாயாதே. நான் வரேன்."

"எங்க வர்றது. நீதான் கட்டிப் போட்ட மாதிரி இருக்கியே." சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் குமிழி விட்டது. "ஒண்ணும் வரலைன்னு சொன்னே. நாண் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. மூணு வாட்டி. காதுக்குப் பக்கத்துலயே கேட்டுச்சு. பொய்யாண்ணே?"

"ஆமாடா. பொய்தான். மிஸ் பண்ணிட்டேன். மூணும் மிஸ்ஸு. என் சட்டையை எடுத்துக்கோ, எல்லாத்தையும் எடுத்துக்கோ."

"அப்படி ஒத்துக்கோ. இதுக்கு எதுக்கு அழுகை?"

ஏணி ஆடியது. லைல் ஏறி வந்தான். ஏணியின் அடியில் நின்ற இருட்டு விலகி அவனுக்கு வழி விட்டது. ஒரு படி. இன்னொரு படி. அவன் முகம் டுவேனின் முழங்காலுக்கு வந்தது, மடிக்கு வந்தது. சிரித்த முகம். வெளுத்த முகம். கையில் காலையில் தீட்டின கத்தி.

ஜாக்கெட்டுக்கு அடியில் ஒரு கை நுழைந்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்ற கை. சிவப்புக் கட்டம் போட்ட துணியை இழுத்தது. 'சர்'ரென்று அறுபடுகிற சத்தம். டுவேன் அழுதான். தடுக்கவில்லை.

"மூலைக்கு ஆச்சு," என்றான் லைல். துணியைப் பல்லில் கவ்வி, கத்தியை உறையில் போட்டு, துணியைப் பையில் வைத்தான். "இப்ப நீ எனக்கு ஒண்ணு செய். எனக்கு ஒரே குளிராயிருக்குண்ணே. எது வழியாவோ காத்து உள்ள போகுது. முதுகுல என்னமோ இருக்கு, எனக்கு எட்டல. எடுத்து விடு."

ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் காட்டினான்.

மூன்று பச்சை விளக்கு. கையெட்டும் தூரத்தில். அந்த வெளிச்சத்தில் சட்டை கறுப்பாக நனைந்து தெரிந்தது. ஆவி வந்துகொண்டிருந்தது. வாயிலிருந்து இல்லை. அம்பு இறங்கின இடங்களிலிருந்து, சின்னச் சின்னதாக.

"எடுண்ணே."

இறங்கின அலகை உருவக் கூடாது. உருவினால் அடைப்பு போய்விடும், உள்ளே இருப்பதெல்லாம் வந்துவிடும். கை பழகாதவனுக்குக்கூடத் தெரியும்.

"வலிக்குதுண்ணே. உன்னாலதான் ஆகும்."

டுவேன் கையை நீட்டினான். பிடிக்கத்தான் நீட்டினான், தம்பி விழுந்துவிடக் கூடாதென்று நீட்டினான். விரல் நடு அம்பில் பட்டது. அம்பு துடித்தது. டுக். டுக். உயிரோடு இருந்தான். தம்பி உள்ளே இன்னும் உயிரோடு இருந்தான்.

டுக்.

உருவ முடியாது. விட முடியாது. கத்தினால் கேட்க ஆளில்லை.

"சீக்கிரம்ணே. அது காத்துட்டு இருக்கு."

கீழே, குளம்பு ஒருமுறை தரையைத் தட்டியது. அவன் விரலுக்கு அடியில் துடிப்பு கொஞ்சம் மெதுவானது. ஒவ்வொரு துடிப்புக்கும் மூன்று விளக்கும் சேர்ந்து நடுங்கின. லைல் முதுகைக் காட்டிக்கொண்டு, பொறுமையாக, அண்ணன் எடுத்துவிடுவான் என்று காத்துக்கொண்டிருந்தான்.